என்.இ.எஸ். கிளாசிக் மினி

என்.இ.எஸ். கிளாசிக் மினி என்பது, ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980களில் விற்ற தன் வீடியோ கேம் கருவியை உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருக்கி, 2016ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் வெளியிட்ட கருவியாகும். அமெரிக்காவில் இது என்.இ.எஸ். கிளாசிக் எடிஷன் என்ற பெயரில் விற்கப்பட்டது. ஜப்பானில் மூலக் கருவியின் பெயரும் தோற்றமும் வேறு என்பதால், அங்கே ஃபாமிலி கம்ப்யூட்டர் (சுருக்கமாக ஃபாமிகாம்) மினியாக வெளிவந்தது. மூலக் கருவியில் கேம் விளையாட அதற்குரிய கேசட்டை வாங்கிச் செருக வேண்டும். மினியில் கேசட் கிடையாது. 30 கேம்கள் உள்ளேயே பதிந்திருக்கும்.

பார்வைக்குப் பழைய கருவியின் அச்சு அசல் நகல். ஆனால் உள்ளே இருப்பது பழைய கருவி அல்ல. அதன் ஒரு பாகம்கூட இதில் இல்லை. பழைய கருவியைப் போல நடந்துகொள்ளும்படி சொல்லிக்கொடுக்கப்பட்ட, வேறொரு சிறு கணினிதான் இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முக்கிய நோக்கம்.

மூலக் கருவி

ஃபாமிகாம் ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று 14,800 யென் விலையில் வெளிவந்தது. அதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உவெமுரா என்ற பொறியாளர். அதே 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை சரிந்து, கடைக்காரர்கள் அந்தச் சரக்கையே வாங்கத் தயங்கிய காலம். ஆகவே நிண்டெண்டோ 1985இல் நியூயார்க்கில் விற்பனையைத் தொடங்கியபோது, கருவியின் தோற்றத்தையே மாற்றி வீடியோ கேசட் பிளேயர் போல ஆக்கியது. கேசட்டை முன்பக்க மூடியைத் திறந்து உள்ளே தள்ளி, கீழே அழுத்த வேண்டும். பெயரிலும் கேம் என்ற சொல் இல்லை. நிண்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்று வைத்தார்கள். அதன் சுருக்கமே என்.இ.எஸ். உலகம் முழுவதும் இரு வடிவங்களும் சேர்ந்து 6 கோடியே 19 லட்சம் விற்றன.

முன்பக்க மூடி அழகாக இருந்தது. ஆனால் உள்ளே இருந்த இணைப்பு முனைகள் நாளடைவில் தளர்ந்துபோயின. படம் வராமல் திரை மினுக்கும். உடனே கேசட்டைக் கழற்றி அடியில் வாயால் ஊதிவிட்டுத் திரும்பச் செருகுவார்கள். உலகெங்கும் பிள்ளைகள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுபிடித்த வைத்தியம் இது. ஊதக் கூடாது, ஈரம் பட்டால் முனைகள் கெடும் என்பது நிறுவனத்தின் அறிவுரை. கழற்றித் திரும்பச் செருகுவதில்தான் பலன் இருந்தது, ஊதியதில் அல்ல. மினியில் அந்த மூடி வெறும் அலங்காரம், திறக்காது.

மினியின் உள்ளே

மூலக் கருவியின் மூளை, ரிக்கோ நிறுவனம் செய்த 8 பிட் செயலி. வேகம் ஏறத்தாழ 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்வதற்கான நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அதில் முழுமையாக வைக்க இடம் போதாது.

மினியில் இருப்பது ஆல்வின்னர் ஆர்16 என்னும் சில்லு. நான்கு செயலிகள் ஒன்றாகச் சேர்ந்தது; மலிவு விலை டேப்லெட்டுகளில் இருக்கும் வகையைச் சேர்ந்தது. நினைவகம் 256 மெகாபைட், அதாவது பழையதைப்போல ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம் மடங்கு. நிரந்தரச் சேமிப்பு 512 மெகாபைட். இயங்குதளம் லினக்ஸ். லினக்ஸின் உரிம விதிப்படி, தான் பயன்படுத்திய திறந்த மூல நிரல்களை நிறுவனம் பொதுவில் வெளியிட்டது.

இந்த இரண்டு சில்லுகளும் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாதவை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பழைய ரிக்கோ செயலிக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே எடுத்துப் புதிய சில்லிடம் கொடுத்தால் பொருளற்ற எண்களாகவே இருக்கும். எனவே இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு எமுலேட்டர் என்று பெயர். தமிழில் போன்மி என்றும் சொல்வதுண்டு. மினிக்கான எமுலேட்டரை எழுதியது பாரிஸில் உள்ள நிண்டெண்டோவின் ஐரோப்பிய ஆய்வுப் பிரிவு.

அது வேலை செய்யும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். பழைய செயலிக்குள் சில எண்களைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் சின்னஞ்சிறு பெட்டிகள் உண்டு. எமுலேட்டர் தன் நினைவகத்தில் அதே பெட்டிகளைப் பெயரளவில் உருவாக்கிக்கொள்கிறது. பின் கேமின் முதல் கட்டளையை வாசிக்கிறது. ‘இந்தப் பெட்டியில் உள்ள எண்ணுடன் ஒன்றைக் கூட்டு’ என்று இருந்தால், தன் பெயரளவுப் பெட்டியில் ஒன்றைக் கூட்டுகிறது. அடுத்த கட்டளைக்குப் போகிறது. இப்படி நொடிக்குப் பல லட்சம் கட்டளைகள்.

செயலி மட்டும் இருந்தால் போதாது. பழைய கருவியில் படம் வரைவதற்கென்று தனிச் சில்லு இருந்தது. திரையின் மேலிருந்து கீழாக வரிவரியாக, நொடிக்கு 60 முறை வரையும். இசைக்கு ஐந்து குரல்கள் இருந்தன. இரண்டு மெட்டுக்கு, ஒன்று அடித்தாளத்துக்கு, ஒன்று இரைச்சலுக்கு, மற்றொன்று பதிவுசெய்த சிறு ஒலிகளுக்கு. இவை ஒவ்வொன்றும் மற்றதோடு எந்தக் கணத்தில் எப்படிப் பேசிக்கொண்டன என்பதையும் எமுலேட்டர் பின்பற்ற வேண்டும். சற்றுப் பிசகினாலும் மாரியோ குதிக்கும் உயரம் மாறாது. ஆனால் பொத்தானை அழுத்துவதற்கும் அவர் குதிப்பதற்கும் இடையில் மெல்லிய தாமதம் வரும். முன்பு விளையாடியவர்களின் விரல் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

குறைகளையும் பின்பற்ற வேண்டியிருந்தது என்பது இதில் சுவையான செய்தி. பழைய படச் சில்லால் ஒரே கிடைவரியில் எட்டு நகரும் உருவத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகள் அதிகமாகும்போது கேம் எழுதியவர்கள் அவற்றை மாறிமாறிக் காட்டினார்கள். அதனால் உருவங்கள் மினுக்கும். மினியின் சில்லுக்கு அப்படியொரு வரம்பே இல்லை. இருந்தும் அதே இடத்தில் அதே மாதிரி மினுக்குகிறது. திருத்தியிருந்தால் அது வேறு கேமாகியிருக்கும் என்பதே என் எண்ணமும்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். முப்பதிலும் பெரியதான கிர்பிஸ் அட்வென்ச்சர் 768 கிலோபைட். எல்லாம் சேர்ந்தும் ஒரு சில மெகாபைட்தான். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அந்த அளவு இருக்கும்.

பாதியில் நிறுத்துதல்

பழைய கேம்களில் பெரும்பாலானவற்றில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர வழியில்லை. மின்சாரத்தை அணைத்தால் மீண்டும் முதலிலிருந்துதான். லெஜண்ட் ஆஃப் செல்டா போன்ற நீண்ட கேம்களின் கேசட்டுக்குள் பொத்தான் வடிவ மின்கலம் ஒன்றை வைத்து, ஆட்டம் எங்கே நிற்கிறது என்பதைக் காப்பாற்றினார்கள். அந்த மின்கலம் தீர்ந்தால் சேமித்ததும் போயிற்று.

மினியில் ஒவ்வொரு கேமுக்கும் நான்கு இடங்களில் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம். குதிக்கும்போது நடுவானில்கூட நிறுத்தலாம். இது பெரிய வித்தை போலத் தோன்றினாலும், மேலே சொன்னது புரிந்தால் இதுவும் புரியும். எமுலேட்டருக்குள் பழைய கருவி முழுவதும் சில கிலோபைட் எண்களாகவே இருக்கிறது. அந்த எண்களை நகலெடுத்து வைத்தால் அந்தக் கணம் முழுவதையும் எடுத்து வைத்ததாகிறது. திரும்ப நிரப்பினால் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும்.

ஆனால் இதற்குக் கருவியில் உள்ள ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். கையில் பிடிக்கும் கட்டுப்படுத்தியில் அதற்குப் பொத்தான் இல்லை. எழுந்து போகத்தான் வேண்டும். கட்டுப்படுத்தியின் கம்பியும் சுமார் 75 சென்டிமீட்டர்தான். மூலக் கருவியில் அது இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டின் பெரிய டிவிக்கு இரண்டரை அடி தூரத்தில் தரையில் உட்கார்ந்து ஆட வேண்டிய நிலை. மினியைப் பற்றி வந்த குறைகளில் முதலிடம் இதற்குத்தான். ஜப்பானிய ஃபாமிகாம் மினியில் கட்டுப்படுத்திகளும் கருவியின் அளவுக்கே சுருங்கிவிட்டன. 1983இல் எட்டு வயதாக இருந்தவருக்கு 2016இல் நாற்பது தாண்டியிருக்கும். அந்தக் கையில் அது சிக்காமல் நழுவும்.

டிவியுடன் இணைக்க எச்டிஎம்ஐ கம்பி, மின்சாரத்துக்கு யுஎஸ்பி. படத்தை மூன்று விதமாகக் காணலாம். ஒவ்வொரு புள்ளியும் சரியான சதுரமாக இருப்பது ஒன்று. பழைய டிவியில் தெரிந்ததுபோலப் பக்கவாட்டில் சற்று விரிந்திருப்பது மற்றொன்று. மூன்றாவது முறை, குழல் டிவியின் கிடைக்கோடுகளையும் மங்கலையும் வேண்டுமென்றே சேர்த்துக் காட்டும்.

முப்பது கேம்கள்

மேலை நாடுகளின் மினிக்கும் ஜப்பானிய மினிக்கும் பொதுவானவை 22, எட்டெட்டு வேறு. சூப்பர் மாரியோ பிரதர்ஸின் மூன்று பாகங்கள், டாங்கி காங், பாக்மேன், மெட்ராய்டு, மெகா மேன் 2, கேசில்வேனியா முதலியன இரண்டிலும் உண்டு. ஃபைனல் ஃபேன்டசி வரிசையில் மேலை நாடுகளுக்கு முதல் பாகம், ஜப்பானுக்கு மூன்றாவது.

பலர் தேடிய டக் ஹண்ட் இல்லை. திரையில் பறக்கும் வாத்தைத் துப்பாக்கியால் சுடும் கேம் அது. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. மாறாக, அது ஒளியை உள்வாங்குகிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கி முனையில் அந்த வெள்ளை ஒளி பட்டால் குறி தப்பவில்லை என்று பொருள். இதற்குக் குழல் டிவியின் துல்லியமான நேரக்கணக்கு தேவை. இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் அந்தக் கணக்கு பொருந்தாது.

நம் ஊர் வாசகர்கள் தேடக்கூடிய மற்றொன்று கான்ட்ரா. அதுவும் இல்லை, அதன் அடுத்த பாகமான சூப்பர் கான்ட்ரா இருக்கிறது. 1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டிவி வீடியோ கேம்’ என்று இருந்தவற்றில் பல, ஃபாமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்ட உரிமமற்ற நகல்கள். ஆயிரக்கணக்கான கேம்கள் என்று மேலே அச்சிட்ட மஞ்சள் கேசட்டில் ஒரு சில கேம்களே திரும்பத் திரும்ப வரும். நிண்டெண்டோ என்ற பெயரையே கேள்விப்படாமல் மாரியோவை ஆடி வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உண்டு. என் வகுப்பில் பென்சில் பெட்டிக்குள் இத்தகைய கேசட் வைத்திருந்து, இடைவேளையில் மாற்றிக்கொண்ட பையன்களை நான் பிடித்திருக்கிறேன்.

தட்டுப்பாடு

அமெரிக்காவில் மினி 2016 நவம்பர் 11 அன்று 59.99 டாலருக்கு வந்தது. அன்றே தீர்ந்தது. அந்த மாதம் அங்கே விற்றவை சுமார் 1,96,000. கிறிஸ்துமஸ் காலத்தில் வாங்கியவர்கள் சிலர் அதை மூன்று நான்கு மடங்கு விலைக்கு இணையத்தில் விற்றார்கள். வரவேற்பு இப்படி இருக்க, 2017 ஏப்ரலில் நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இது நீண்ட காலம் விற்கத் திட்டமிட்ட பொருளே அல்ல என்று விளக்கமும் தந்தது. அதுவரை விற்றவை 23 லட்சம்.

வேண்டுமென்றே பற்றாக்குறையை உண்டாக்கினார்கள் என்று அன்று பலர் குற்றம் சாட்டினார்கள். நிறுவனத்தின் கைவசம் அப்போது இருந்த பெரிய கருவியான வீ யூ சரியாக விற்கவில்லை. அடுத்ததான ஸ்விட்ச் 2017 மார்ச்சில்தான் வந்தது. இடைப்பட்ட ஒரு பண்டிகைக் காலத்தை நிரப்பச் செய்த சிறு பொருளுக்கு இவ்வளவு கூட்டம் வரும் என்று கணிக்கத் தவறினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் பின்னால் அவர்களே முடிவை மாற்றினார்கள். 2018 ஜூன் 29 அன்று மினி மீண்டும் கடைக்கு வந்தது. அந்த ஜூன் மாதம் அமெரிக்காவில் எண்ணிக்கை அளவில் மிக அதிகம் விற்ற கேம் கருவி இதுவே. ஸ்விட்சையும் பிளேஸ்டேஷன் 4ஐயும் தாண்டி.

இதற்கிடையில் 2017 செப்டம்பர் 29 அன்று அடுத்த தலைமுறைக் கருவியின் மினியான சூப்பர் என்.இ.எஸ். கிளாசிக் வந்தது. 21 கேம்கள். அவற்றில் ஸ்டார் ஃபாக்ஸ் 2, 1990களில் எழுதி முடித்தும் வெளியிடாமல் கிடப்பில் போட்ட கேம். முதன்முதலாக இந்த மினியில்தான் அதிகாரபூர்வமாக வெளியானது. இரண்டு மினிகளும் சேர்ந்து 2018 இறுதிக்குள் ஒரு கோடியைத் தாண்டின. அந்த ஆண்டோடு இரண்டின் விற்பனையும் முடிவுக்கு வந்தது.

பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. 2018 டிசம்பர் 3 அன்று வந்த சோனியின் பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் சில கேம்கள், நொடிக்கு 50 படம் காட்டும் ஐரோப்பிய வடிவிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. அதனால் சற்று மெதுவாக ஓடின. 99.99 டாலர் விலை ஒரு மாதத்துக்குள் 60 டாலருக்கு இறங்கியது. 2019 செப்டம்பரில் வந்த சேகாவின் மெகா டிரைவ் மினியில் 42 கேம்கள். எமுலேட்டர் வேலையில் அனுபவமுள்ள எம்2 என்ற நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். அது நன்றாக அமைந்தது.

வாங்கிய பொருளும் வாடகைப் பொருளும்

மினியில் இணைய இணைப்பு இல்லை. கடையில் வாங்கியபோது இருந்தபடியே என்றும் இருக்கும். புதிய கேம் சேர்க்க நிறுவனமே வழி வைக்கவில்லை. ஆனால் 2017 ஜனவரிக்குள்ளேயே ஆர்வலர்கள் யுஎஸ்பி வழியாக உள்ளே நுழைந்து, வேறு கேம்களையும் சேர்க்கும் நிரலை எழுதிவிட்டார்கள். இணையம் இல்லாததால் நிறுவனத்தாலும் விற்ற கருவிகளில் அதைத் தடுக்க இயலவில்லை.

இதில் சட்டச் சிக்கல் உண்டு. எமுலேட்டர் என்ற நிரல் வேறு. அதில் ஓடும் கேமின் பதிப்புரிமை வேறு. பழைய கேம்களின் நகலை இணையத்தில் பகிர்வதை நிண்டெண்டோ கடுமையாக எதிர்க்கிறது. மினி மறுபடியும் கடைக்கு வந்த அடுத்த மாதமே, 2018 ஜூலையில், அப்படிப் பகிர்ந்த இரண்டு தளங்கள்மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 1 கோடியே 22 லட்சம் டாலருக்கு மேல் அதில் தீர்ப்பாயிற்று. உரிமை அவர்களுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கேள்வி வேறு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. என்.இ.எஸ்.ஸுக்கு வந்த கேம்கள் பல நூறு. மினியில் வந்தவை முப்பது. மற்றவற்றை ஒருவர் காசு கொடுத்து முறையாக விளையாட நினைத்தால், பலவற்றுக்குப் பழைய கேசட்டைத் தேடி அலைவதைத் தவிர வழியில்லை.

நிறுவனம் பின்னர் பழைய கேம்களைச் சந்தா முறைக்கு மாற்றியது. 2018 செப்டம்பர் முதல் ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் ஆண்டுச் சந்தா கட்டி அவற்றை ஆடுகிறார்கள். சந்தா நின்றால் கேமும் நிற்கும். அதற்கு முன் வீ கருவியின் இணையக் கடையில் தனித்தனியே விலைக்கு விற்றார்கள். அந்தக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. வீ யூ, 3டிஎஸ் கருவிகளின் கடைகள் 2023 மார்ச்சில் மூடப்பட்டன. 2016இல் வாங்கிய மினியோ, பழுதாகாத வரை, யாருடைய அனுமதியும் இன்றி எந்த எச்டிஎம்ஐ டிவியிலும் ஓடும்.

போலிகள்

இப்போது மினியைப் பழைய பொருளாகவே வாங்க முடியும். வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே தோற்றத்தில், பெட்டியில் 620 கேம்கள் என்று போட்டு மிக மலிவாக விற்பவை நிண்டெண்டோவின் மினி அல்ல. அவற்றில் பெரும்பாலானவற்றில் எச்டிஎம்ஐ துளைக்குப் பதிலாக, பழைய டிவிக்கான மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கம்பிகள் வரும். நிறுத்திவைத்துத் தொடரும் வசதி இருக்காது. இசையும் நிறங்களும் பல இடங்களில் பிசகும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அந்தத் தொண்ணூறுகளின் மஞ்சள் கேசட் வகைதான்.